சாட்டை நின்ற தெய்வம்

இன்கா அரசன் ஒரு நாட்டைப் பிடித்தால் அதன் தெய்வத்தையும் தலைவனின் மகனையும் தலைநகர் கூஸ்கோவுக்குக் கொண்டுவந்துவிடுவான். விருந்தாளிகள் என்று சொல்லிக்கொள்வார்கள். தாமாக ஊர் திரும்ப முடியாத விருந்தாளிகள்.

வட எல்லையிலிருந்து அப்படி வந்தவன் வாமான். ஆசான் ரிமாச்சியிடம் படித்தான். யார் குரலையும் அச்சு அசலாகப் பேசிக் காட்டுவான்.

அன்று பெரிய சதுக்கத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஆசானே, எங்கள் சாமியை அடிக்கிறார்கள்! ஊரே பார்க்க, சாட்டையால்!"

"என்ன குற்றமாம்?"

வாமான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றான். அதிகாரியின் மூக்கடைத்த குரல் வந்தது. "'உன் அப்பன் சாலை போட ஆள் அனுப்பவில்லை. அவன் பணியும்வரை தினமும் அடிதான். ஊருக்குப் போய் நீயே சொல்லு, போ!'"

பிறகு அவனுடைய குரலே திரும்பியது. "கல்லுக்கு வலிக்காது என்று அந்தத் தடியனுக்குத் தெரியாதா?"

"நன்றாகத் தெரியும்."

"அப்புறம் ஏன் அடிக்கிறான்?"

"நீ ஏன் அழுகிறாய்?"

"அழவில்லை. பற்றி எரிகிறது! போன தடவை சாலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவே இல்லை. அப்பாவிடம் நான் என்ன சொல்ல? பணியுங்கள் என்றா?"

ரிமாச்சி எழுந்து நடந்தார். பிடித்துவந்த தெய்வங்களை வைத்திருக்கும் மாளிகைக்குள் அவனை அழைத்துப் போனார். வாமானின் சாமி இருந்த மாடம் காலியாகக் கிடந்தது. பக்கத்து மாடத்தில் ஒரு கருங்கல் பெண். மேலே மெல்லிய கம்பளி, காலடியில் புதுப் பூ.

"யார் சாமி இது?"

"எங்கள் ஊர்ச் சாமி."

"நீங்கள் கூஸ்கோக்காரர் இல்லையா?"

"உன்னைப் போல வந்தவன்தான்."

"இதை அடித்ததே இல்லையா?"

"அடித்தார்கள். பணியச் சொல்லி என்னைத்தான் ஊருக்கு அனுப்பினார்கள். போய்ச் சொன்னேன். அப்பா பணிந்தார். சாட்டை நின்றது."

வாமானின் முகம் தெளிந்தது. "பரவாயில்லையே, பிழைத்துக்கொண்டது! பெயர் என்ன?"

ரிமாச்சியின் உதடு அசைந்து நின்றது.

"எங்கள் மொழியில் ஏதோ ஒன்று. சென்ற திருவிழாவுக்கு ஊரிலிருந்து வந்தவர்களைக் கேட்டேன். தெரியாது என்றார்கள். அதையும் கூஸ்கோப் பேச்சில்தான் சொன்னார்கள்."

சதுக்கத்தில் சாட்டை விழும் சத்தம் கேட்டது. வாமான் துடித்துப்போய்த் திரும்பினான்.

ரிமாச்சி கருங்கல்லின் தோளில் கை வைத்தார்.

"இதை அடித்தால் அப்படித் திரும்பிப் பார்க்க ஒருத்தரும் இல்லை."