மேல் கேட்டில் ஒரு ஜீப்

மலைமேல் இருக்கும் ஊருக்கும் கீழே இருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரே ஒரு பாதைதான். அதிலும் பாதி வழியில் ஒரு குகை. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் அதற்குள் போக முடியும். போன மழைக்காலத்தில் இரண்டு ஜீப்புகள் உள்ளே நேருக்கு நேர் மோதிக்கொண்டன. டிரைவர்கள் பிழைக்கவில்லை.

வேடியப்பன் அந்த மலைக்காரன். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே வெறி. குகையின் இரு முனையிலும் கேட் வைக்க வேண்டும். இரண்டும் ரேடியோவில் தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஒரு பக்கம் மட்டும் திறக்க வேண்டும்.

எதை, எப்போது, எப்படிப் பேச வேண்டும் என்ற விதிகளை எழுதக் கற்றுக்கொள்ள நசீமாவிடம் வந்து சேர்ந்தான். இயந்திரங்களின் பேச்சைச் சோதிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அடைமழைதான் என்று மாணவர்கள் கேலி செய்வார்கள்.

விதிகளை எழுதி முடித்தான். கேட்டுகள் மறுநாள் மலையேறக் காத்திருந்தன. நசீமா ‘சரி’ என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவர் முன்னாலேயே சோதிக்கும் மென்பொருளை ஓடவிட்டான். ‘இரண்டு கேட்டும் ஒன்றாகத் திறக்குமா?’ என்று கேட்டான். செய்தி தொலைந்தால், தாமதமானால், இரண்டு தடவை வந்தால், மின்னலில் ரேடியோ செத்துப் பிழைத்தால்... நடக்கக்கூடிய அத்தனையையும் அது ஒன்று விடாமல் நடத்திப் பார்த்தது. பல லட்சம் வழிகள். மனுசன் ஆயுசு முழுக்க அந்தக் குகை வாசலில் நின்றாலும் அதில் அரைக்கால்வாசிகூடப் பார்க்க மாட்டான். இவன் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

ஒருபோதும் திறக்காது.

அவனுக்குப் புல்லரித்தது. கை தானாகக் கும்பிட்டது.

“இதுக்குத் தெரியாததே இல்ல மேடம்! நாளைக்கே மாட்டிடலாமா? என் தங்கச்சிக்கு இது நிறைமாசம். எந்நேரமும் வலி வரலாம்.”

நசீமா ஒரு டம்ளரில் டீ ஊற்றினார். வெளியே நடையின் அந்தக் கோடிக்குப் போய், டீயைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு ஆள்தான் போகலாம், அவ்வளவு குறுகலான நடை.

“நீங்க மேல் கேட். நான் கீழ் கேட். உங்க விதிப்படி வந்து டீயை எடுத்துக்குங்க.”

இவ்வளவுதானா என்று இந்தக் கோடியில் நின்றபடி சிரித்தான்.

“வரலாமா?”

அதே நொடியில் அவரும் கேட்டார்: “வரலாமா?”

இருவரும் ஒன்றாகக் கேட்டால் இருவருமே விலகி, பத்து எண்ணிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். அவன் எழுதிய விதிதான் அது. எண்ணினார்கள்.

“வரலாமா?”

“வரலாமா?”

மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் அதே கதை.

“என்ன மேடம், விளையாடுறீங்களா?”

“உங்க கேட் இப்படியெல்லாம் கேக்காது. எண்ணுங்க.”

டீயில் ஆடை படிந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் சிரிப்பு நின்றது. மலையில் இரண்டு கேட்டும் மூடியே கிடப்பது அவன் மனக்கண்ணில் தெரிந்தது. மோதல் இல்லை. மேல் கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஜீப் நிற்கிறது. அதற்குள் தங்கச்சி மாதம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

“ஐயோ!” என்று உள்ளே ஓடினான். இன்னொரு கேள்வியை எழுதினான்: ‘காத்திருப்பவர் கட்டாயம் கடந்து போவாரா?’

மாட்டார் என்றது திரை. ஏன் என்பதையும் கீழே காட்டியது. இருவரும் கேட்கிறார்கள், விலகுகிறார்கள், பத்து எண்ணுகிறார்கள், மறுபடி கேட்கிறார்கள். இப்போது நடையில் நடந்தது அப்படியே அங்கே இருந்தது. அடேயப்பா என்று வாயைப் பிளந்தான்.

விதியை மாற்றினான். ஒன்றாகக் கேட்டால் ஒரு முறை மேலே இருப்பவருக்கு வழி, அடுத்த முறை கீழே இருப்பவருக்கு. இரண்டு கேள்வியையும் மறுபடி கொடுத்தான். இரண்டிலும் தேறியது.

“சரி, மாட்டுங்க” என்றார் நசீமா.

அவன் நகரவில்லை. ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தான்.

“அத்தனை லட்சம் வழியைப் பார்த்துச்சே மேடம். முதல்ல இந்த ஒரு வழியை மட்டும் எப்படி விட்டுச்சு?”

“விடலை. அந்த வழியிலயும் போய்ப் பார்த்துச்சு. ரெண்டு கேட்டும் மூடியிருந்துச்சு. அங்க உங்க தங்கச்சி காத்துக்கிட்டிருக்கான்னு அதுக்கு யார் சொன்னா?”