பட்டி பார்த்த சுவர்

ஒரு வாடகை வீட்டில் ஒரு சுவர் இருந்தது. செங்கல் சுவர் இல்லை. கூடத்தையும் படுக்கையறையையும் பிரிக்க ஜிப்சம் பலகையில் எழுப்பியது. ஓங்கிக் குத்தினால் ஓட்டை விழும்.

அங்கே குடியிருந்தவன் பெயர் சாந்தகுமார். பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். அன்று குழம்பு ஆறிப்போயிருந்தது, அவ்வளவுதான். அவன் ஓங்கிய கை, மனைவி பரிமளாவின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பரிமளாவின் அப்பா ஊரிலிருந்து வருவதாக இருந்தது.

"மாமா கண்ணுல இது படக்கூடாது. நீ ஏதாவது உளறி வச்சே, பாத்துக்க!" என்று சொல்லிவிட்டு, பட்டி டப்பாவையும் உப்புத்தாளையும் எடுத்து வைத்தான் சாந்தகுமார். பரிமளா தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்?

சுவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னை மூடாதே!" என்று பட்டியிடம் கத்தியது. "அவள் சொல்ல மாட்டாள். நானாவது அந்த மனுஷனுக்குக் காட்டுகிறேன்."

"ஊர் வம்பு எனக்கெதற்கு? பள்ளம் கண்டால் நிரப்புவேன், அதுதான் என் பிழைப்பு" என்றது பட்டி.

"த்தூ! உன்னைப் போல ஆட்கள் இருப்பதால்தான் இவன் நல்லவன் வேஷம் போட்டுத் திரிகிறான்."

மொத்தமாக அப்பினால் பட்டி காய்ந்ததும் வெடித்துவிடும். சுவர் அதைத்தான் நம்பியிருந்தது. ஆனால் சாந்தகுமார் அவசரப்படவில்லை. பிய்ந்த ஓரங்களைச் சீவினான், வலைநாடா ஒட்டினான், பட்டியை மெல்லிசாக இழுத்தான். காய்ந்த பிறகு, முன்னதைவிட அகலமாக இன்னொரு பூச்சு. குழம்பு சூடாகும்வரை பொறுக்காதவன் பட்டி காயும்வரை பொறுத்தான். நினைத்தாலே வயிறு எரிகிறது.

கடைசியில் உப்புத்தாளைக் கையில் எடுத்தான்.

"நீயாவது மாட்டேன் என்று சொல்லேன்!" என்றது சுவர்.

"மாட்டேன் என்றால் கேட்கிற கையா இது?" என்று சீறியது உப்புத்தாள். "என்னைப் பிடித்திருக்கிற பிடியைப் பார்!"

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மேடு தெரிந்த இடமெல்லாம் தேய்த்தான். தூசியைத் துடைத்துப் பெயிண்ட் அடித்தான். சுவர் வழுவழுவென்று ஆகிவிட்டது. தன் முகத்தையே அது வெறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்து உட்கார்ந்தார். "புதுப் பெயிண்ட் வாசனை அடிக்குதே, மாப்பிள்ளை?"

சும்மா இருந்திருக்கலாம். பெருமை விடுமா?

"அந்தச் சுவர்ல ஒரு ஓட்டை மாமா. நானே பட்டி பார்த்தேன். எந்த இடம்னு கண்டுபிடிங்க, பார்ப்போம்!"

அவர் எழுந்து தடவிப் பார்த்தார். "தெரியவே இல்லையே! பெயிண்டர்கூட இவ்வளவு சுத்தமா செய்ய மாட்டான். எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கயும் போகல மாமா. எல்லாம் இதே சுவர்லதான். கைப்பழக்கம்!"

பெரியவரின் சிரிப்பு நின்றது. சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"கை பழகுற அளவுக்கா இங்க ஓட்டை விழுது, பரிமளா?"

சாந்தகுமார் அவளை முறைத்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு ஓங்குற குத்துப்பா. இதுவரைக்கும் குறி தவறிட்டே இருக்கு."