புல்லு வண்டி எண்ணெயில் தண்ணீர்

"அம்மா, மறுபடியும் தண்ணி" என்றார் தணிகாசலம்.

வேணியம்மா கண்ணைத் திறந்தார்.

"எதுலங்க ஐயா?"

"புல்லு வண்டில. இஞ்சின் ஆயில்ல. நீங்களே பாருங்க."

எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் கையோடு கொண்டு வந்திருந்தார். நுனியில் எண்ணெய் இருந்த மாதிரியே இல்லை. பால் தூக்கலாகப் போட்ட டீ மாதிரி இருந்தது.

"திருடனை விரட்டியாச்சு. திருட்டு மட்டும் நிக்கல" என்றார்.

மலைமேல் இருந்த அந்தத் தியான இல்லத்தில் கட்டடம் சின்னது, புல்வெளி பெரிது. மேலே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டும் வண்டி ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக் கொடுத்திருந்தார். இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று வந்த தணிகாசலத்தின் பொறுப்பில் அது இருந்தது. ஜீப்புக்குக் கொடுத்த மரியாதையை அதற்கும் கொடுத்தார்.

குரு வேணியம்மாவுக்கு அவர் வயதில் பாதிதான். கோயம்புத்தூரில் பம்பு மோட்டார் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்.

"திருடன்னு யாரைங்க சொல்றீங்க?"

"நாயகத்தைத்தான்."

வேணியம்மா கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகம் போய் இரண்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த இல்லத்தில் தியானம் நன்றாக நடக்கிறது. சாப்பாடுதான் இறங்கவில்லை.

நாற்பது வயது மனுஷன். கூட இருக்கும் யாரையும் விட்டுவைக்க மாட்டார். வேணியம்மா மாதிரி "அப்படீங்களா?" என்று இழுப்பார். சமையல்கட்டு மரகதம் மாதிரி, "ஆத்தி, இம்புட்டு உப்பையும் நானா போட்டேன்?" என்று இடுப்பில் கை வைப்பார். தணிகாசலம் மாதிரி தொண்டையைச் செருமினால் மரகதமே முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பாள்.

அவரைப் போனில் கூப்பிட்டால் அது தனிக் கூத்து. எடுத்ததும் ஒரு பெண் குரல், தேனில் குழைத்த மாதிரி: "நீங்கள் தொடர்புகொள்ளும் நபர் தற்போது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சட்னி தீர்ந்ததும் மீண்டும் முயற்சிக்கவும்."

தணிகாசலமே ஒருமுறை, "சரிம்மா" என்று சொல்லிப் போனை வைத்திருக்கிறார்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும் வேலையை நாயகம் கேட்டு வாங்கினார். ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அர்ச்சகர் குரலில் ஆரம்பித்தார். "ஓம் புல்வெட்டீஸ்வராய நமஹ! சக்கரம் சமர்ப்பயாமி!" எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வண்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஆயிற்று.

அடுத்த வாரம் எண்ணெய் வெளுத்திருந்தது.

தணிகாசலத்துக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"யோவ் நாயகம், இஞ்சின் உள்ளே தண்ணி விட்டியா இல்லையா? ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேளு. இல்லன்னா புல்வெளிப் பக்கம் காலை வைக்காதே."

அன்று ராத்திரியே நாயகம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"அவன் போன கையோட பழைய ஆயிலை வடிச்சுட்டுப் புதுசு ஊத்தினேன்மா" என்றார் தணிகாசலம். "கொட்டகைக்குப் பூட்டுப் போட்டேன். அப்படியும் தண்ணி. அப்போ உள்ளேயே அவனுக்கு ஒரு கூட்டாளி இருக்கணும். எனக்கு மரகதம் மேலதான் கண்ணு. பாத்திரம் கழுவுற தண்ணிய அந்த ஜன்னல் பக்கமாத்தான் வீசுறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் விசாரிக்கிறேன்."

"வாங்க. மரகதத்துக்கிட்டயே போலாம்."

சமையல்கட்டில் மரகதம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பழைய தோசைக்கல்லு வேணுங்க மரகதம்."

"எதுக்கும்மா?"

"எண்ணெய் விடோணும்."

"நல்லெண்ணெயா, கடலெண்ணெயா?"

"இஞ்சின் எண்ணெய்."

மரகதம் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "இந்தப் போலீஸ்காரரு சொல்லித்தானே? நான் தண்ணி ஊத்துறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. நான் எதுக்குய்யா வண்டியில போயி ஊத்தணும்? ஊத்துறதா இருந்தா உங்க சாம்பார்ல ஊத்த மாட்டேனா?"

"அதுலதான் தினமும் ஊத்துறியே" என்றார் தணிகாசலம்.

கல் காய்ந்தது.

தணிகாசலம் கொட்டகையிலிருந்து எடுத்து வந்த டப்பாவில் மீந்திருந்த புது எண்ணெயில் வேணியம்மா ஒரு சொட்டு விட்டார். அது சத்தம் போடாமல் பரவியது. லேசாகப் புகைந்தது. அவ்வளவுதான்.

கம்பியின் நுனியை உதறி இன்னொரு சொட்டு.

சட்! சடசடசட!

மரகதம் இரண்டடி பின்னால் போனாள்.

"தண்ணிதான்" என்றார் தணிகாசலம். "நான் சொன்னேன் இல்ல?"

"தண்ணிதானுங்க. யார் விட்டாங்கன்னு கல்லு சொல்லல."

வேணியம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கொட்டகைக்கு நடந்தார். வெளியே பனிமூட்டம். முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"பூட்டுச் சாவி யார்கிட்டங்க?"

"என் இடுப்புல. தூங்கறப்பகூடக் கழட்ட மாட்டேன்."

"வண்டிச் சாவி?"

"அதுவும்."

பூட்டைத் திறந்தார். வண்டி பளபளவென்று நின்றது. ஒரு புல்கூட ஒட்டியிருக்கவில்லை.

"மழைக்காலத்துல புல்லு வெட்ட முடியாதுங்களே. வண்டியை என்ன பண்றீங்க?"

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தவர்.

"சும்மா விட்டுடுவேனா? பேட்டரி இறங்கிடாது? காலையில எழுந்ததும் முதல் வேலை இதான். துடைப்பேன். ஸ்டார்ட் பண்ணுவேன். ஓடுற சத்தத்தைக் கேப்பேன். நிறுத்திடுவேன். ஒருநாள் தவறினதில்லைம்மா."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு இன்னும் பண்ணல."

"பண்ணுங்க."

ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். புர்ர்ர் என்று பிடித்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். திருப்தியாகச் சிரித்தார். நிறுத்தினார்.

"அவ்வளவுதாங்களா?"

"அவ்வளவுதான். அதுக்கு மேல எதுக்கு வீணா?"

வேணியம்மா இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. எடுக்கும்படி அங்கே சூடு எதுவும் இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அடிப்பக்கத்தைத் தணிகாசலத்திடம் திருப்பிக் காட்டினார்.

வெண்ணெய் மாதிரி ஓர் அழுக்கு அப்பியிருந்தது. அதன்மேல் முத்து முத்தாக நீர்.

"இது எப்படிம்மா உள்ளே..."

"மூடிட்டு ஓட்டுங்க. புல்வெளியச் சுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

தணிகாசலம் பனிக்குள் போனார். வந்தார். மறுபடி போனார். ஒவ்வொரு முறை வரும்போதும் கை சாவிக்குப் போயிற்று. ஒவ்வொரு முறையும் வேணியம்மா வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

மரகதம் பின்னாலேயே ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்து நின்றாள். "இவருக்கு என்னம்மா தண்டனை? பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சுத்த விட்டிருக்கீங்க?"

கடைசியில் வேணியம்மா கையைக் காட்டினார். வண்டி கொட்டகைக்குள் வந்து நின்றது. இப்போது இஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோகவே முடியவில்லை. துணியைச் சுற்றி மூடியைத் திறந்தார்.

குபுக்கென்று வெள்ளையாக ஆவி வந்தது.

மரகதத்தின் தட்டை வாங்கி அதற்கு மேலே பிடித்தார். தட்டின் அடியில் வேர்த்தது. ஒன்று, பிறகு இன்னொன்று, சொட்டுகள் சேர்ந்து ஓடின.

"பெட்ரோல் எரிஞ்சா புகையோட கொஞ்சம் தண்ணியும் பொறக்குமுங்க" என்றார். "இந்தக் குளிருக்கு அது உள்ளயே வேர்த்து நிக்கும். நல்லாச் சூடேறுற வரைக்கும் ஓடுச்சுன்னா தானா வெளிய போயிரும். அதுக்குள்ள நிறுத்திட்டா..."

தணிகாசலம் வண்டியிலிருந்து இறங்கவில்லை. தட்டில் ஓடிய தண்ணீரையே பார்த்தார்.

"தினமும்" என்றார்.

பிறகு, "நான்தான்" என்றார்.

மரகதத்துக்கு வாய் துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்போ நாயகம் தண்ணி விடலையாம்மா?"

"அன்னைக்கு அவரு என்ன சொன்னாருங்க?"

"இல்லைன்னு சொன்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னமோ சொல்ல ஆரம்பிச்சான். நான் முடிக்க விடல."

"ஏனுங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்களேம்மா. அவன் எப்பவும்போல மிமிக்ரி பண்றான்னு நினைச்சோம். அன்னைக்கு ஒரு புதுக் குரல். அதுக்கு முன்னே அவன்கிட்ட நாங்க கேட்டதே இல்ல."

"எப்படிப் பேசுனாரு?"

தணிகாசலம் யோசித்தார். அவருக்கு மிமிக்ரி வராது. இருந்தாலும் முயன்றார். இன்ஸ்பெக்டர் தொண்டையில் அந்த வார்த்தைகள் நொண்டிக்கொண்டே வந்தன.

"'சத்தியமாச் சொல்லுதேன் அண்ணாச்சி. சக்கரத்தத்தான் கழுவுனேன். இஞ்சினு மேல ஒரு சொட்டுத் தண்ணி விடல. நீங்க என்னைய நம்பணும்...' இப்படி. மெல்லிசா. கொஞ்சம் நடுக்கம். நான்தான் கேட்டேன், 'யோவ், இது யாரு குரலுய்யா புதுசா?'ன்னு. அதுக்குத்தான் எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க."

"அதுக்கு என்ன சொன்னாருங்க?"

"தட்டை எடுத்துக்கிட்டுப் போய்க் கழுவி வச்சான்."

பனி கொட்டகைக்குள் வந்தது. சூடான இஞ்சின் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

"அவருக்குச் சொந்த ஊரு எதுங்க ஐயா?"

"அம்பாசமுத்திரம் பக்கம், திருநெல்வேலி..."

தணிகாசலம் நிறுத்தினார்.

மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேணியம்மா மூடியை எடுத்துத் திருக ஆரம்பித்தார். அது மரையில் உட்காரவில்லை. எடுத்து மறுபடி வைத்தார்.

"நானும் சிரிச்சேனுங்க" என்றார்.

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நாயகத்தின் எண்ணைத் தேடி அழுத்திக் காதில் வைத்தார்.

ஒரு பெண் குரல் எடுத்தது. தேனில் குழைத்த குரல்.

"நீங்கள் தொடர்புகொள்ளும் எண் தற்போது உபயோகத்தில் இல்லை."

தணிகாசலத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. மரகதத்தைப் பார்த்தார். வேணியம்மாவைப் பார்த்தார். எடுத்துட்டான், எடுத்துட்டான் என்று கையால் காட்டினார்.

"நாயகம், நான்தான்" என்றார். "தணிகாசலம்."

"நீங்கள் தொடர்புகொள்ளும் எண் தற்போது உபயோகத்தில் இல்லை."

"தண்ணி நீங்க விடல. தெரிஞ்சுபோச்சு."

"நீங்கள் தொடர்புகொள்ளும் எண்..."

வேணியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

தணிகாசலம் போனை வைக்கவில்லை. காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தார். அந்தப் பெண் முதலிலிருந்து கடைசி வரை சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"போதும் நாயகம்" என்றார். "உங்க குரல்லயே பேசுங்க."