சுரைக்காய் வாயை மூடிக்கொண்டது

அந்தக் காலத்தில் காய்களுக்கெல்லாம் வாய் இருந்தது. பறிக்கக் கை நீட்டினால், "பிஞ்சு, இன்னும் நாலு நாள் விடு" என்று வெண்டை சொல்லும். "எனக்குள்ளே புழு இருக்கு" என்று கத்தரி வெட்கப்படாமல் ஒப்புக்கொள்ளும். காய் சொன்னால் சொன்னதுதான். அதனால் சமைக்கிறவர்கள் ருசி பார்ப்பதில்லை, பார்த்தால் எச்சில்.

ஏரிக்குக் கீழே ஊருக்குப் பொதுவாக ஒரு தோட்டம் இருந்தது. வீட்டுக்கு ஒரு துண்டு நிலம், அதன் ஓரத்திலேயே ஓர் அடுப்பு. அவரவர் விளைத்ததை அவரவர் சமைக்க வேண்டும். வேலி தாண்டிய கொடியின் காய் மட்டும் எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்தப் பக்கத்துக்காரருக்கு.

வள்ளிக்கண்ணுவுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. முதல் பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். இரண்டாவது பெண் தேனு இப்போதுதான் சோறு தின்னப் பழகுகிறாள். அடுத்த துண்டுக்காரி காத்தாயி குழந்தையைப் பார்த்துச் சிரித்தால்கூட, 'இவள் ஏன் சிரிக்கிறாள்?' என்று வள்ளிக்கண்ணு அன்றைக்கெல்லாம் யோசிப்பாள்.

சித்திரை வெயிலில் வாய்க்கால் மெலிந்தது. காத்தாயி தன் முறைக்கு மேல் தண்ணீர் பாய்ச்சுகிறாள் என்று வள்ளிக்கண்ணுவுக்கு ஒரு நினைப்பு. கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு விடியற்காலையில், காத்தாயி பக்கம் போகிற மடையைச் சேறு அப்பி அடைத்துவிட்டாள்.

"தண்ணியே வரலை புள்ள. நண்டு ஏதும் வளை போட்டிருக்கும்போல" என்றாள் காத்தாயி.

'தெரியாத மாதிரி நடிக்கிறாள்' என்று நினைத்துக்கொண்டாள் வள்ளிக்கண்ணு.

எட்டாம் நாள், காத்தாயியின் சுரைக்கொடி வேலி தாண்டி ஒரு காயை இந்தப் பக்கம் தொங்கவிட்டிருந்தது. வள்ளிக்கண்ணு அதில் கை வைத்தாள்.

"வேண்டாம் தாயி, நான் கசப்பு. என்னைச் சமைக்காதே" என்றது சுரைக்காய்.

"யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லை. எட்டு நாளா வேருல தண்ணி படலை. தாகத்துல உடம்பெல்லாம் நஞ்சாப் போச்சு."

"காத்தாயி சொல்லிக்கொடுத்த பாட்டுத்தானே இது! நான் விட்டுட்டா அவ பறிச்சுக்குவா."

"வேர் அவளோடது. வாய் என்னோடது, தாயி."

வள்ளிக்கண்ணு கேட்கவில்லை. அரிவாள்மணையில் வைக்கும்வரை காய் கத்திக்கொண்டேயிருந்தது. பாதியை அரிந்து, பாசிப்பருப்போடு வேகவைத்து, சோற்றில் குழையப் பிசைந்தாள். தேனுவை மடியில் போட்டு முதல் கவளத்தை எடுத்தபோது காத்தாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"வள்ளி! அந்தச் சுரைக்காயைப் பறிச்சிட்டியா? கொடி முழுக்கக் கசக்குதுன்னு காயெல்லாம் கத்துதுடி!"

வள்ளிக்கண்ணு கிண்ணத்தைக் கையால் மூடினாள். "வாங்க அக்கா, எங்கே காணோமேன்னு பார்த்தேன். காய் வேணும்னா நேரா கேக்கறதுதானே?"

"காய் எவளுக்குடி வேணும்? பிள்ளை வாயில வைக்காதே!"

"நான் நம்ப மாட்டேன்."

காத்தாயி மணையருகே கிடந்த மீதிப் பாதியை எடுத்து நறுக்கென்று கடித்தாள். இரண்டு தடவை மென்று விழுங்கினாள். முகம் கோணியது. வேலியைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள்.

"இப்பவாவது... நம்புறியாடி?"

வள்ளிக்கண்ணு கிண்ணத்தைத் தூர வீசினாள். ஒரு பருக்கைகூடப் படாத தேனுவின் உதட்டை மூன்று தடவை கழுவினாள்.

காத்தாயி மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அவளுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு வந்த வள்ளிக்கண்ணு, தான் அப்பிய சேற்றைத் தன் கையாலேயே தோண்டி எடுத்தாள். தண்ணீர் ஓடி வேரை நனைத்தது. அப்போது கொடியில் தொங்கிய சுரைக்காய் பேசியது.

"உள்ளதைச் சொன்னோம். நீ நம்பலை. இனிமே எங்க இனத்துல எதுவும் வாய் திறக்காது. சந்தேகம் வந்தா உன் நாக்கைக் கேட்டுக்கோ."

அதைக் கேட்டு வெண்டையும் கத்தரியும்கூட வாயை மூடிக்கொண்டன.

அன்று முதல்தான், சுரைக்காயை அரிகிறவள் எவளானாலும் பிள்ளைக்கு ஆக்கும் முன் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுகிறாள். அதை எச்சில் என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை.