ஆவிடையூர் அழகுச் சங்கம் பொற்கொடிக்கு மேக்கப் போட்ட கதை

ஆவிடையூருக்கு ராஜாவும் கிடையாது, மந்திரியும் கிடையாது. முட்டாள்தனத்துக்கு மட்டும் குறைவே இல்லை. அதற்கென்று முறைப்படி ஒரு சங்கமே வைத்திருந்தார்கள். மணப்பெண் அழகுச் சங்கம் என்று பெயர். குமுதவல்லி தலைவி, பவளம் செயலாளர், ரெஜினா உறுப்பினர். மூன்று பேரும் டவுனில் ஒரே ஒரு நாள் மேக்கப் வகுப்புக்குப் போய், டீச்சர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, பெரிய மேக்கப் பெட்டி ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். நோட்டில் இருப்பதை மீற மாட்டார்கள். நோட்டில் இல்லாத விஷயம் வந்தால் கை தூக்கி ஓட்டுப் போடுவார்கள். யோசிக்கும் பழக்கம் சங்கத்தில் யாருக்கும் இல்லை.

இவர்கள் கையில்தான் பொற்கொடி போய்ச் சிக்கினாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற விவரமான பெண். ஆனால் குமுதவல்லி அவளுக்குச் சொந்தச் சித்தி ஆயிற்றே! சித்தி சங்கம் வைத்திருக்கும்போது வெளியில் ஆள் பிடித்தால் குடும்பம் இரண்டாகிவிடாதா?

பொற்கொடி நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பு அவளுக்குப் பிடிக்கும். சங்கம் தொடங்குவதற்கு முன் நடந்த நிச்சயதார்த்தத்தன்று எவளோ ஒரு பார்லர்க்காரி அவள் முகத்தில் எதையோ அப்பி, முகம் சாம்பலும் கழுத்து கறுப்புமாக மேடையில் உட்கார வைத்துவிட்டாள். ஆல்பத்தைப் பார்த்த மாமியார், "இது யாரு, பொண்ணோட தோழியா?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணப் போட்டோவிலாவது தன் முகம் தன் முகமாக இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அதற்காக மூன்று மாதம் தேடி, கன்னத்துக்குக் கீழே நிழல் காட்ட, தன் நிறத்தைவிடக் கறுப்பான கான்டூர் குச்சி ஒன்றும், கன்னமேட்டில் மினுக்க, செம்பு நிற ஹைலைட்டர் ஒன்றும் தானே வாங்கி வைத்திருந்தாள்.

ஒன்பதரைக்கு முகூர்த்தம். ஆறரைக்கே சங்கம் மணமகள் அறைக்குள் புகுந்து பெட்டியைத் திறந்தது.

"சித்தி, என்னை என் நிறத்துலயே காட்டுங்க. வெளுக்க வெச்சிடாதீங்க" என்றாள் பொற்கொடி.

"நோட்டு இருக்கும்போது உனக்கு என்னடி கவலை?" என்றாள் குமுதவல்லி.

பவளம் நோட்டை எடுத்து வாசித்தாள். "வெளிச்சம் விழுற எடத்துல ஹைலைட்டர். நிழல் விழுற எடத்துல கான்டூர். கான்டூர், தோலைவிட ரெண்டு ஷேடு கறுப்பா இருக்கணும்."

பெட்டியைத் துழாவினார்கள். அதில் இருந்ததிலேயே கறுப்பான கான்டூர், பொற்கொடியைவிட மூன்று ஷேடு வெளுப்பாக இருந்தது. சங்கம் திகைத்தது.

"அப்ப பெட்டி தப்பாக்கா?" என்று பவளம் கேட்டாள்.

"பெட்டி எப்படிடி தப்பாகும்? சீல் வெச்சு வந்திருக்கு."

"பொண்ணுக்குச் சீல் இல்லியே" என்றாள் ரெஜினா.

"அப்ப தப்பு பொண்ணு மேலதான்."

மணப்பெண்ணை ஐந்து ஷேடு வெளுக்க வைத்துவிட்டால் பெட்டி சரியாகிவிடும் என்று தீர்மானம் வந்தது. மூன்று கைகள் உயர்ந்தன. "வேண்டாம்" என்று சொல்லப் பொற்கொடியும் கையைத் தூக்கினாள். அதையும் ஆதரவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த அரை மணியில் அவள் முகம் பழைய சாம்பலுக்கே போய்ச் சேர்ந்தது. பிறகு மூவரும் குனிந்து வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று ஆராய்ந்தார்கள். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் அவள் முகத்தில் அடித்தது. குறுக்கே ஜன்னல் கம்பிகளின் நிழல்.

"அக்கா, நிழல் அஞ்சு கோடா விழுது."

"விழுந்த எடத்துல போடு. கூட்டவோ கொறைக்கவோ நமக்கு என்ன அதிகாரம்?"

ஐந்து கோடும் போட்டு நிமிர்வதற்குள் வெயில் நகர்ந்துவிட்டது. நிழல் விழுந்த புது இடத்தில் இன்னும் ஐந்து. அதுவும் நகர்ந்தது. சூரியனும் நிற்கவில்லை, இவர்களும் விடவில்லை. கண்ணாடியில் பார்த்த பொற்கொடி அலறிவிட்டாள். முகத்தில் பதினைந்து கோடு!

"என்ன சித்தி இது, ஜெயில் மாதிரி!"

"அசையாதடி. நீ அசைஞ்சா நிழல் மாறுது."

இதற்கு மேல் பொறுக்க அவளால் முடியவில்லை. கைப்பையிலிருந்து தன் குச்சியையும் ஹைலைட்டரையும் எடுத்துச் சித்தி கையில் திணித்தாள். "முகம் கழுவிட்டு வர்றேன். வந்ததும் இதைப் போடுங்க. பெட்டியைத் தொடாதீங்க."

அவள் குளியலறைக்குள் போனதும் பவளம் நோட்டைப் புரட்டினாள். "புதுச் சரக்கை மொதல்ல தாடையில தடவிப் பாக்கணும்னு இருக்கு."

"யார் தாடையில?"

"அது எழுதல."

எழுதாத விஷயம், ஆகவே ஓட்டெடுப்பு. எல்லார் தாடையிலும் என்று முடிவானது. பதவி வரிசைப்படி தலைவி தாடை, செயலாளர் தாடை, உறுப்பினர் தாடை. மூன்றிலும் மூன்று விதமாகத் தெரிந்ததால், இன்னும் தாடைகள் தேவை என்று ரெஜினா வெளியே ஓடினாள். சமையல்காரர், பந்தியில் இட்லி தின்றுகொண்டிருந்த நாலு பேர், கடைசியாக நாதஸ்வரக்காரர். அவருக்குப் பெரிய தாடை. மிச்சக் குச்சி அங்கேயே தீர்ந்தது. ஹைலைட்டரும் கூடவே போயிற்று.

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய ஈர முகத்தோடு பொற்கொடி வந்தாள். "குச்சி எங்க சித்தி?"

"சோதனை முடிஞ்சுது கொடி. அருமையான சரக்கு. தைரியமா போட்டுக்கலாம்."

"எதைப் போட்டுக்கறது?"

காலிக் குழாயை நீட்டி, மிச்சமெல்லாம் நாதஸ்வரக்காரர் தாடையில் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்று மாதம் அலைந்து வாங்கியது நாதஸ்வரக்காரர் தாடையில் பளபளக்கிறதே என்று பொற்கொடிக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. அதற்குள் வெளியே, "நேரமாச்சு, பொண்ணை அழைச்சிட்டு வாங்க!" என்று குரல் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்து, கண்ணுக்கு மையும் நெற்றிக்குப் பொட்டும் மட்டும் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று மேடைக்குப் போய்விட்டாள்.

தாலி கட்டியாயிற்று. போட்டோக்காரர் கேமராவின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பொற்கொடி பொற்கொடியாகவே இருந்தாள். இன்னொரு தரம் காட்டச் சொன்னாள். எட்டிப் பார்த்த மாமியார், "இன்னைக்குத்தான் நம்ம பொண்ணு முகம் தெரியுது. யாரு மேக்கப்?" என்று கேட்டார்.

மேடையோரம் நின்ற சங்கம் கலங்கிப்போனது. "அக்கா, நாம போட்டது எங்க?" என்றாள் ரெஜினா.

"கழுவினாளே."

"வெறும் தண்ணிலதானே கழுவினா? தண்ணிக்குப் போகாதுன்னு பெட்டியில எழுதியிருக்கே."

பவளம் அவசரமாக நோட்டைப் பார்த்தாள். "போட்டதே தெரியாதபடி கலந்து விடறதுதான் நல்ல மேக்கப்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

மூவரும் பொற்கொடியை உற்றுப் பார்த்தார்கள். ஒரு கோடு தெரியவில்லை, ஒரு திட்டுத் தெரியவில்லை.

"போட்ட நமக்கே தெரியலியேடி!" குமுதவல்லிக்குக் கண் கலங்கியது. நேராக மாமியாரிடம் போய், "எங்க சங்கம்தாங்க" என்றாள்.

சாப்பாடு முடிந்து பொற்கொடி மதியம் சற்றுக் கண்ணயர்ந்தாள். முகத்தில் ஏதோ தேய்ப்பது தெரிந்து விழித்தால், சங்கம் பஞ்சும் தேங்காய் எண்ணெயுமாகக் குனிந்து நிற்கிறது.

"மேக்கப்போட தூங்கக் கூடாதுடி. நோட்டுல இருக்கு."

"ஐயோ, அது என் தோல் சித்தி!"

"எல்லாப் பொண்ணும் மொதல்ல அப்படித்தான் நெனைக்கும்" என்று குமுதவல்லி இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பஞ்சு போட்டது போட்டபடி வெள்ளையாகவே வந்தது. ஒன்பது பஞ்சு ஆயிற்று. மூவரும் மூலையில் கூடிப் பேசி, கை தூக்கி, மாப்பிள்ளையை உள்ளே கூப்பிட்டார்கள்.

"மாப்ளே, தப்பா நெனைக்காதீங்க. மேக்கப் ரொம்பக் கெட்டியா புடிச்சிருக்கு. வாரம் ஒருதரம் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. புள்ள பொறக்கறதுக்குள்ள எப்படியாவது எடுத்துடணும்."

"எடுக்கலேன்னா?" என்றார் மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல்.

"புள்ளைக்கும் ஒட்டிக்கும்" என்றாள் ரெஜினா.