சிவப்புப் பட்டு முடிச்சு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பேர் என்னவென்று கேட்காதீர்கள், எனக்குச் சொன்னவருக்கே தெரியவில்லை. அந்த நாட்டு அரசர் மாறவேளுக்குத் தீராத வயிற்று வலி. சாப்பிட்டால் வலிக்கும், சாப்பிடாவிட்டால் அதைவிட வலிக்கும். அரண்மனை வைத்தியர் மருதையர் புதிதாக ஒரு கஷாயம் கொடுத்தார். மூன்றாம் நாள் வலி பாதி குறைந்தது. வலி குறைந்த மனிதர் பேசாமல் தூங்கியிருக்கலாம். அரசர் சபையைக் கூட்டினார்.

"என் வலியைக் குறைத்தது கடவுளா, கஷாயமா?"

"கடவுள்தான், சந்தேகமென்ன?" என்றார் சபைப் பண்டிதர் குலோத்தமர்.

"கஷாயம், அரசே" என்றார் மருதையர். "கடவுள் இருக்கிறார் என்று நான் நம்பவில்லை. நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை."

இந்த வார்த்தைக்காகத்தான் பண்டிதர் ஒரு வருஷமாக வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார். வைத்தியர் வந்ததிலிருந்து அரண்மனையில் பண்டிதருடைய மந்திரித்த விபூதியைக் கேட்பார் இல்லை.

"கடவுளுக்கே அஞ்சாதவன் வேறு யாருக்கு அஞ்சுவான்? நாளை தங்கள் மருந்தில் நஞ்சைக் கலக்க நினைத்தால் இவரைத் தடுப்பது எது?"

அரசருக்குப் பாதி குறைந்த வலி திரும்பி வந்ததுபோல் இருந்தது. சாமி பேரைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது அந்த நாட்டு வழக்கம். பொய்ச் சத்தியம் குலத்தை அழிக்கும் என்பார்கள். தனக்குத் தீங்கு நினைப்பதில்லை என்று வைத்தியர் அப்படிச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார் அரசர். வைத்தியர் மாட்டேன் என்றார்.

"சத்தியம் செய்தவர் கையால்தான் இனி எனக்கு மருந்து! நாளை உச்சிப்பொழுதுக்குள் இவர் சத்தியம் செய்யாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும். தோழப்பா, இவரைச் சம்மதிக்க வைப்பது உன் பொறுப்பு. முடியாவிட்டால் நீயும் கூடவே நட."

தோழப்பன் அந்தச் சபையின் விகடகவி. வயது அறுபது. முப்பது வருஷமாக இவர்கள் போடுகிற முடிச்சையெல்லாம் அவிழ்த்து அவிழ்த்து அலுத்துப் போனவன். 'நட' என்று அரசர் சொன்னதும் அவனுக்கு முதலில் நினைவு வந்தது தன் முழங்கால் வலிதான்.

சாயங்காலம் வைத்தியர் வீட்டுக்குப் போனான். அவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு சத்தியம்தானய்யா? கையால தட்டினா கற்பூரம் அணையப் போவுது. உங்க கூட எல்லை வரைக்கும் நடக்க எனக்கு முழங்கால் இல்ல."

"நம்பாத சாமி பேர்ல சத்தியம் பண்ணினா அது பொய்தானே, தோழப்பா? ஒரு பொய்யச் சொல்லிட்டு, 'என்னை நம்புங்க'ன்னு நான் எந்த முகத்தோட கேக்குறது?"

தோழப்பன் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடாமல் கஞ்சியைத் தொடாதவன், அந்த முழங்காலோடும். ஆனாலும் இந்தப் பதில் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. பக்கத்தில் இருந்த மருந்துப் பெட்டியை எட்டிப் பார்த்தான். எல்லாம் கந்தல் துணி முடிச்சுகள். நடுவில் ஒன்று மட்டும் சிவப்புப் பட்டு.

"இது என்ன, இவ்வளவு ஜோரா?"

"எட்டிக்கொட்டைப் பொடி. சுத்தி செய்யாதது, விஷம். தெரியாம யாரும் தொட்டுடக் கூடாதுன்னு சிவப்புல கட்டியிருக்கேன்."

வைத்தியர் மோர் கொண்டுவர உள்ளே போனார். அப்போது தோழப்பன் என்ன செய்தான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் உச்சிப்பொழுது. வைத்தியர் சத்தியம் செய்யவில்லை.

"அரசே, தங்கள் ஆணை சொன்னது சொன்னபடியே நடக்கட்டும்" என்றான் தோழப்பன். "சத்தியம் செய்தவர் கையால்தான் மருந்து. பண்டிதர் சத்தியம் செய்வாரா?"

அரசருக்குத் தீங்கு நினையேன் என்று சொல்லிப் பண்டிதர் ஒன்றுக்கு மூன்று கற்பூரம் அடித்தார்.

"நல்லது. இனி மருந்து கலக்க வேண்டியவர் இவர்தான். இதோ வைத்தியரின் மருந்துப் பெட்டி."

"எனக்கு மருந்து தெரியாதே!"

"தெரியாவிட்டால் என்ன? வலியைக் குறைத்தது கடவுள் என்று தாங்கள்தானே சொன்னீர்கள்? எதை எடுப்பது என்று அவரே காட்டுவார்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம்!" என்றார். பண்டிதர் பெட்டிக்குள் பார்த்தார். கந்தல்களுக்கு நடுவே சிவப்புப் பட்டு. பட்டில் முடிந்தது சாமிக்கு உரியதாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவிழ்த்து வெந்நீரில் கலக்கினார். அரசர் கிண்ணத்தைத் தூக்கினார்.

வைத்தியர் மூட்டையோடு வாசலில் நின்றார். ஓர் அடி எடுத்து வைத்தால் தெரு. திரும்பிப் பார்த்தவர் சிவப்புத் துணியைக் கண்டார். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டார்.

"குடிக்காதீங்க! அது எட்டி!"

காவலர்கள் அவர் கழுத்தில் வாளை வைத்துவிட்டார்கள். தோழப்பன் மெல்லக் கீழே உட்கார்ந்து, கிண்ணத்தின் அடியில் மிஞ்சியிருந்ததைக் குடித்தான். சபையே அலறியது.

"சுண்டைவற்றல் பொடி" என்று வாயைத் துடைத்துக்கொண்டான். "என் வீட்டு அடுப்படிச் சரக்கு. மோருக்குத் தொட்டுக்கொள்ள எப்போதும் மடியில் வைத்திருப்பேன்; நேற்று வைத்தியர் உள்ளே போனபோது விஷத்தை எடுத்துவிட்டு இதை முடிந்து வைத்தேன். வயிற்றுக்கு நல்லது. ஆனால் அது எனக்குத்தான் தெரியும், வைத்தியருக்குத் தெரியாது. தன்னைத் துரத்துகிற அரசர் செத்தால் அவருக்கு என்ன நஷ்டம்? மூன்று கற்பூரம் அடித்த கை கலந்தது. ஒன்றும் அடிக்காத கை தட்டிவிட்டது. எந்தக் கையை நம்புவது என்று இனித் தாங்கள்தான் சொல்ல வேண்டும்."

அரசர் கையை அசைத்தார். வாள்கள் இறங்கின. பிறகு தோழப்பனிடம் கேட்டார்: "அப்படியானால் கடவுள் இல்லை என்கிறாயா?"

"ஐயையோ, அதை நான் எப்போது சொன்னேன்? இவர் ஓடி வந்தபோது என் பிள்ளையாருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஓட வைத்தது பிள்ளையார் என்பேன் நான். இல்லை, என் மனசு என்பார் இவர். கிண்ணம் கவிழ்ந்ததே அரசே, அது போதாதா?"

அரசர் சிரித்தார். சிரித்தால் வயிறு வலித்தது, வலித்தும் சிரித்தார். மருதையரிடம் மன்னிப்புக் கேட்டு, அரண்மனை வைத்தியராகவே இருக்கச் சொன்னார். பண்டிதர் ஒரு மாதம் அவருக்கு மருந்து இடித்துக் கொடுக்க வேண்டும் என்றார்.

"உனக்கு என்ன வேண்டும், தோழப்பா? கேள்!"

"மூன்று நாளைக்கு யாரும் என்னை எதுவும் கேட்காமல் இருந்தால் போதும்."

"கொடுத்தோம்! ஆனால் ஒன்று, அந்தப் பிள்ளையார்..." என்று அரசர் தொடங்குவதற்குள் அவன் வைத்தியர் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

வீட்டில் வைத்தியர் அவன் முழங்காலுக்குத் தைலம் கொடுத்தார். தோழப்பன் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தேய்த்தான். விடிந்தபோது வலி பாதி குறைந்திருந்தது. எதனால் குறைந்தது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.