சாட்சி மரம் வாயடைத்த கதை

"கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பாதே. ஆனால்..."

ஷேக் ஹாயிலின் கடைசிப் பேச்சில் இவ்வளவுதான் எல்லோருக்கும் நினைவிருந்தது. அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு கிழவர் ஏதோ சொன்னார். உதடு அசைந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குள் கூட்டம் முதல் பாதியிலேயே நெஞ்சு நிறைந்து போய், பெண்கள் குலவையிட, ஆண்கள் கைதட்ட, மீதிப் பேச்சு அந்த ஆரவாரத்தில் முங்கிப்போயிற்று. நான்காம் நாள் கிழவர் கண்ணை மூடினார். பக்கத்திலேயே நின்ற மகன் நௌஃபலுக்கும் அந்த மறுபாதி காதில் விழவில்லை. பிறகு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று இருந்தான். கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் வாய் இருந்தது. பறவைகளையும் கழுதைகளையும் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவை வாயை மூடினால்தான் செய்தி. பலஸ்தீனத்து மலைநாட்டில், கடல் வெறும் நீலக் கீற்றாய்த் தெரிகிற உயரத்தில், கஃபர் ஸீஹான் என்றோர் ஊர். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் வஸ்ஸாம் குலத்தார் இருபத்து நான்கு ஊர்களை ஆண்டுவந்தார்கள்.

ஆண்டார்கள் என்றால் வாளால் அல்ல. வாள் வைத்திருந்தவர்கள் கடலோரத்துச் சமவெளியில் இருந்தார்கள். ஏழு தலைமுறைக்கு முன்னால் வஸ்ஸாம் என்றொரு மனிதன் கிழக்கே எங்கிருந்தோ வெடித்த பாதங்களோடு ஓடிவந்து, ஊர் முகப்பில் நின்ற ஒலிவ மரத்தடியில் விழுந்தான். மரம் அவனுக்கு நிழல் கொடுத்தது. அவன் எழுந்ததும், அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு நியாயம் சொன்னான். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். அதுவரை நடக்காத காரியம். ஆட்சி அப்படித் தொடங்கியது: சொல் வஸ்ஸாம்களுடையது, சாட்சி மரத்தினுடையது.

அந்த மரத்துக்கு எல்லாம் தெரியும். எந்தக் கல் யாருடைய எல்லை, எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை வாளி, எந்தக் கல்யாணத்தில் எந்த வயல் சீராகப் போனது, எல்லாம். வழக்கென்று வருகிறவர்கள் அடிமரத்தில் கைவைத்து நிற்பார்கள். "அபூ ஜம்ரா, உன் பாட்டனின் கழுதைக்குத் தெரிந்த எல்லை உனக்குத் தெரியவில்லையே" என்று மரம் சொல்லும். கூட்டம் சிரிக்கும். அபூ ஜம்ரா கல்லை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைப்பான். ஏடு கிடையாது, எழுத்து கிடையாது, முத்திரை கிடையாது. இருபத்து நான்கு ஊர் மண்ணும் அந்த மரத்தின் நினைவில் இருந்தது.

அந்த மலைகளில் விருந்தினருக்கு ஒரு வழக்கம் உண்டு. உதவி கேட்டு வருகிறவன் நீட்டிய காப்பியைக் குடிக்கமாட்டான். வாங்கிக் கீழே வைத்துவிடுவான். கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்த பிறகுதான் கோப்பை உதட்டுக்குப் போகும். வஸ்ஸாம் குலத்தின் முதல் தலைமுறையினர் கோரிக்கையைக் கேட்டு, யோசித்து, பிறகு "குடி" என்றார்கள். மூன்றாம் தலைமுறை பாதி கேட்டபோதே சொன்னது. ஐந்தாம் தலைமுறை வந்தபோது கேட்பதற்கு முன்னாலேயே சொல்வது குலப்பெருமை ஆகிவிட்டது. ஹாயிலின் தகப்பனார் இப்படித்தான் ஒருவனுக்குத் தன் வெள்ளைக் குதிரையைக் கொடுத்தார். வந்தவனுக்கு வேண்டியிருந்தது ஒரு படி உப்பு. குதிரைக்குத் தீனி போட வழியில்லாமல் அவன் திண்டாடியதை அந்தக் குதிரையே போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்ததாம்.

நௌஃபல் தலைவனான மூன்றாம் ஆண்டு, ஒலிவக் காய் பறிப்பு தொடங்கிய வாரத்தில், கடலோரத்து ஆளுநரின் ஆள் ஒருவர் மலையேறி வந்தார். பெயர் இஸ்மத் எஃபெந்தி. மெலிந்த, மரியாதை தெரிந்த மனிதர். விருந்தினர் மண்டபத்தில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். ஏலம் தட்டிப்போட்ட காப்பி வந்தது. எஃபெந்தி கோப்பையை வாங்கி, பாய்மேல் தன் முழங்காலுக்கு முன்னால் மெதுவாக வைத்தார்.

எல்லாக் கண்ணும் நௌஃபல்மேல்.

ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்த கொண்டலாத்திக் குருவி தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஷேக், காது இரண்டு, வாய் ஒன்று என்பார்கள். உங்கள் குலத்துக்கு மட்டும் எண்ணிக்கை மாறிப் பிறந்திருக்கிறது. என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமலிருந்தால் நௌஃபல் கேட்டிருப்பானோ என்னவோ. பறவை சொல்லிக்கொடுத்துக் கேட்டான் என்று நாளைக்கு இருபத்து நான்கு ஊரிலும் பேச்சாகிவிடும் என்று அவனுக்குப் பட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"குடியுங்கள், எஃபெந்தி. என் தலைமேல் ஆணை. நீங்கள் கேட்பது எதுவோ அது உங்களுடையது."

எஃபெந்தி குடித்தார். அவசரமில்லாமல், மண்டி தெரியும்வரை. கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஊர் முகப்பில் நிற்கிறதே அந்த ஒலிவ மரம். அதன் வயிரம் வேண்டும். அடியிலிருந்து கவடுவரை, நடுக்கட்டை முழுதும். மரம் நிற்கட்டும், ஆளுநர் ஒன்றும் மரத்தை வெட்டச் சொல்லவில்லை."

மரத்தின் பேச்சு இலையில் இல்லை, வயிரத்தில்தான் இருக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொண்டலாத்தி பறந்து போயிற்று.

கொடுத்த வாக்கை நிறைவேற்ற மூன்று நாள் தவணை உண்டு, அதுவும் வழக்கம்தான். முதல் நாள் நௌஃபல் எஃபெந்தியிடம் வேறு எதையெல்லாமோ சொல்லிப் பார்த்தான். தன் தோப்பு, குதிரைகள், வீடு. எஃபெந்தி ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி, ஒவ்வொன்றையும் மறுத்தார். இரண்டாம் நாள் ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வைதவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு. அவர்கள் போன பிறகு மனைவி ஃபித்தா அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கைநிறையக் காய் பறித்த கறை.

"தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்" என்றாள்.

நௌஃபல் தலையை ஆட்டினான். மூன்று இடத்தில் இரத்தப் பகை தன் சொல்லால்தான் கட்டுண்டு கிடக்கிறது என்று விளக்கினான். ஷேக் தன் வாக்கை விழுங்கினான் என்று தெரிந்த மறுநாளே அந்தக் கட்டு அவிழும், கத்திகள் வெளியே வரும், பிணம் விழும் என்றான்.

அவள் கைக் கறையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "விழலாம். விழாமலும் போகலாம். ஆனால் நீங்கள் பயப்படுவது அதற்கு இல்லை. வஸ்ஸாம் குலத்தில் ஒருத்தன் கொடுத்ததைத் திரும்ப வாங்கினான் என்று உங்கள் பெயரைச் சொல்வார்களே, அதற்கு. சொல்லட்டுமே. ஊர் சிரிக்கச் சிரிக்க நாம் வாழ்ந்துவிட்டுப் போவோம். மண் இருக்கும்."

அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்பது அவனுக்கே திகைப்பாக இருந்தது. இரண்டும் உண்மையாக இருந்ததுதான் கொடுமை: பகையும் உண்மை, வெட்கமும் உண்மை. எது எதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை அவன் கோடாரியோடு மரத்தடிக்குப் போனான். கொடுக்கிறவன் தன் கையால் கொடுக்கவேண்டும். ஊர் முழுதும் தள்ளி நின்றது. எஃபெந்தி ஒட்டகங்களோடு பாதையில் காத்திருந்தார்.

"வந்துவிட்டாயா" என்றது மரம். "உன் பாட்டனார் குதிரையைக் கொடுத்தபோதே நினைத்தேன்."

நௌஃபல் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்; மரம் அதை விரும்பவில்லை. அவன் வேறொன்றைக் கேட்டான். மூன்று ஆண்டாகக் கேட்கவேண்டும் என்று வைத்திருந்ததை.

"என் தகப்பனார் இங்கே நின்றுதானே பேசினார். 'ஆனால்' என்று சொன்னாரே. அதற்கப்புறம் என்ன சொன்னார்?"

மரம் கொஞ்சம் யோசித்தது. மறந்துபோய் அல்ல. சொல்வதா வேண்டாமா என்று யோசித்தது. சாட்சி சொல்லியே பழகிய மரம்; கேட்டால் சொல்லாமலிருக்க அதற்குத் தெரியாது.

"'உன்னுடையதை மட்டும் கொடு' என்றார்."

காற்று வந்து போயிற்று. தள்ளி நின்றவர்களுக்கும் அது கேட்டது. அபூ ஜம்ரா முதலில் தலையிலிருந்த துணியை எடுத்தான், பிறகு மற்றவர்களும். நௌஃபல் ஒருமுறை ஊரைப் பார்த்தான். ஒருமுறை பாதையைப் பார்த்தான். ஃபித்தா கூட்டத்தின் முன்வரிசையில் நின்று, வேண்டாம் என்று தலையசைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் கோடாரியை ஓங்கினான்.

முதல் வெட்டுக்கு மரம் ஊர்ப் பெயர்களைச் சொல்லத் தொடங்கியது. இன்ன கல் இன்னாருடையது, இன்ன கிணறு இன்னாருக்கு என்று வேகவேகமாய், யாராவது காதில் வாங்கிக்கொள்ளட்டும் என்பதுபோல. பதினோராம் ஊர் பாதியில் இருக்கும்போது குரல் நின்றது. வெயில் சாயும்போது நடுக்கட்டை இரண்டு ஒட்டகங்கள்மேல் ஏறிவிட்டது. அடிமரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இருட்டு இருந்தது. மேலே இலைகள் எப்போதும்போல வெள்ளி மின்னின. மரம் சாகவில்லை, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த வயிரத்தைக் கடலோரத்தில் எழுதுமேசையாக இழைத்தார்கள். மறு வசந்தத்தில் அந்த மேசையில் எழுதிய காகிதங்கள் மலைக்கு வந்தன, மலையில் ஒருவருக்கும் தெரியாத மொழியில். கூடவே நிலத்தை அளந்து ஆளுநர் பேரில் எழுதிக்கொள்ள, அளவுச் சங்கிலிகளோடு ஆட்கள். ஜனங்கள் மரத்தடிக்கு ஓடினார்கள், அடிமரத்தில் கைவைத்தார்கள். அபூ ஜம்ரா பொந்துக்குள் தலையை விட்டு, "என்னை ஏசவாவது ஏசு, தாயே" என்று கெஞ்சினான். இலைதான் அசைந்தது. பத்து ஊர் எல்லை சிலருக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகத்தை யார் கேட்டார்கள்? பகை மூன்றும் கடைசிவரை மூளவில்லை. சண்டை பிடிக்க நிலமே இல்லாததால் சமாதானம் நிலைத்தது.

வஸ்ஸாம் குலத்துப் பங்காளிகள் ஒவ்வொருவராய்ச் சமவெளிக்கு இறங்கி, ஆளுநரிடம் ஆளுக்கொரு பதவியும் கம்பளி அங்கியும் வாங்கிக்கொண்டார்கள். மண்டபம் எஃபெந்தியின் கைக்கு வந்தது. அவர் நௌஃபலையும் அழைத்தார். இருபத்து நான்கு ஊருக்கும் வரி வசூலிக்கும் பதவி அவனுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி, அதே மண்டபத்தில், அதே பாயில், காப்பி நீட்டினார்.

நௌஃபல் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தான்.

எஃபெந்திக்கு வழக்கம் தெரியும். முகத்தில் கேலி இல்லை, வருத்தம்கூட இருந்தது. "முதலில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், ஷேக். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்."

"ஒரே ஒரு காகிதம். இந்த மண் உழுகிறவர்களுடையது என்று ஒரு வரி."

"அது என்னுடையதா என்ன, நான் எப்படிக் கொடுப்பேன்?"

கோப்பை அங்கேயே ஆறிப்போயிற்று. நௌஃபல் எழுந்து ஊர் முகப்புக்கு நடந்தான். ஃபித்தா அங்கே, வேறொருவருடையதாகிவிட்ட தோப்பில், கூலிக்குக் காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மலைகளில் வயதேறிய ஒலிவ மரங்கள் நடுவயிறு இல்லாமல் பட்டையால் மட்டும் உயிர் வாழ்வதும், காய் பறிப்பு தொடங்கும் காலையில் மரப்பொந்தில் ஒரு கோப்பைக் காப்பியை வைத்துவிட்டு யாரும் குடிக்காமல் வருவதும் அன்று தொட்டுத்தான். அன்று மரத்தடிக்கு வந்த நௌஃபல் பொந்துக்குள் போய் உட்கார்ந்து, இனி வெளியே வருவதில்லை என்று முடிவு செய்தான். நௌஃபல் பொந்துக்குள் போய் உட்கார்ந்து, இனி வெளியே வருவதில்லை என்று முடிவு செய்தான்.